கதிர் அறுத்த கம்பெனியின் லாரி

அமெரிக்காவின் கோதுமை மாநிலங்களில் ஆண்டுக்கு மூன்று, நான்கு வாரம் மட்டுமே ஓடும் லாரிகள் உண்டு. ஜூன் மாதம் கான்சாஸில் கதிர் காய்ந்து சலசலக்கத் தொடங்கியதும் கொட்டகைக் கதவைத் திறப்பார்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, டயருக்குக் காற்றடித்து, எலி எங்காவது கூடு கட்டியிருந்தால் அதை இழுத்துப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால், கொஞ்ச நேரம் முரண்டு பிடித்துவிட்டுக் கிளம்பிவிடும். அறுவடை முடிந்ததும் மறுபடி கொட்டகைதான். இந்தப் பிழைப்பில் ஓர் ஆதாயம், வண்டி லேசில் தேயாது. இன்டர்நேஷனல் லோட்ஸ்டார் என்ற லாரியின் உற்பத்தி நின்று நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்னும் அதைப் பண்ணைகளில் பார்க்க முடிகிறதென்றால் தயாரிப்பின் தரம் அதற்குப் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, அது ஓடியதைவிடக் காத்திருந்தது அதிகம் என்பது. நகரத்தில் தினமும் சோடா பாட்டிலும் மரச்சாமானும் சுமந்த லோட்ஸ்டார்கள் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன.

லோட்ஸ்டார் 1962-ல் சந்தைக்கு வந்தது. 1978 வரை விற்றது. பிக்கப் வண்டிக்கு மேலே, நெடுஞ்சாலையில் நீண்ட டிரெய்லரை இழுக்கும் ராட்சத லாரிக்குக் கீழே, இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. இன்றைய அமெரிக்கக் கணக்கில் சுமையோடு சேர்த்து ஏறத்தாழ 6 டன்னிலிருந்து 15 டன் வரை எடையுள்ள வண்டிகள் இந்த வகையில் அடங்கும். தானிய லாரி, பள்ளிப் பேருந்து, தீயணைப்பு வண்டி, பால் டேங்கர், குப்பை வண்டி, டிப்பர் என்று ஓர் ஊர் உயிரோடிருக்க வேண்டிய அத்தனையும் இந்த நடுத்தர லாரியின் முதுகில்தான் ஏறியிருக்கும். ஆனாலும் யாரும் அதைப் பற்றிப் பாட்டுக் கட்டியதில்லை. நெடுஞ்சாலை லாரி ஓட்டுநருக்குக் கிடைத்த சினிமாப் புகழில் நூற்றில் ஒரு பங்கும் இதை ஓட்டியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதைச் செய்தது கார் கம்பெனி அல்ல. கதிர் அறுக்கும் இயந்திரம் செய்துவந்த கம்பெனி. 1902-ல் சைரஸ் மெக்கார்மிக்கின் குடும்பத்து நிறுவனமும், அதன் பரம எதிரியான டீரிங் நிறுவனமும், வேறு மூன்று சிறிய நிறுவனங்களும் ஒன்றாகச் சேர்ந்து சிகாகோவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் ஆயின. ஜே. பி. மார்கனின் வங்கி இடையில் நின்று முடித்துவைத்த சம்பந்தம் அது. 1907-லேயே விவசாயிக்கென்று உயரமான சக்கரம் வைத்த ஒரு மோட்டார் வண்டியை இந்தக் கம்பெனி விற்கத் தொடங்கியது. மழைக்குப் பின் குழியும் குண்டுமாகக் கிடக்கும் கிராமத்து வண்டிப் பாதையில் சாதாரணக் காரின் அடிவயிறு தட்டும், இதற்குத் தட்டாது. அன்றிலிருந்தே இன்டர்நேஷனல் லாரியின் மூக்கு வயல் பக்கம்தான் திரும்பியிருந்தது. லாரியும் டிராக்டரும் கதிர் இயந்திரமும் பல ஊர்களில் ஒரே டீலர் கடையில் விற்றன. இடையில் சில காலம் குளிர்சாதனப் பெட்டிகூட விற்றார்கள். விவசாயி ஒரே கடைக்குள் நுழைந்து ஒரே கணக்கில் எல்லாவற்றுக்கும் கடன் சொல்லலாம்.

லோட்ஸ்டார் தயாரான முக்கிய ஊர் ஒஹாயோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு. அந்த ஊருக்கும் அறுவடைக்கும் உறவு பழையது. சாம்பியன் என்ற பெயரில் கதிர் அறுக்கும் இயந்திரங்கள் செய்து 19-ம் நூற்றாண்டிலேயே பேர் வாங்கிய ஊர். 1902-ல் இணைந்த ஐந்தில் ஒன்றுக்கு அங்கேதான் தொழிற்சாலை இருந்தது. கதிர் இயந்திரம் போய் லாரி வந்தாலும், வேலை செய்த குடும்பங்கள் பெரும்பாலும் அதே ஊர்க்காரர்கள்தான்.

வண்டியின் அமைப்பில் புரட்சி எதுவும் கிடையாது. கேபினைக்கூடப் புதிதாகச் செய்யாமல், தங்கள் பிக்கப் வண்டிகளின் கேபினையே எடுத்து அகலமான முன்பக்கத்தோடு பொருத்தினார்கள். புதுமை என்று சொல்லத்தக்கது பானட்தான். நடுவில் கீல் வைத்து இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி மேலே திறக்கும். மெக்கானிக் மட்கார்டில் சாய்ந்துகொண்டு எஞ்சினுக்குள் கை விடலாம். கண்ணாடியிழையில் செய்து முன்பக்கமாக மொத்தமாகச் சாயும் பானட் பின்னாளில்தான் வந்தது. உள்ளே இருந்தது இன்டர்நேஷனல் சொந்தமாக வார்த்த வி-8 பெட்ரோல் எஞ்சின். 304, 345, 392 கன அங்குலம், அதாவது 5 லிட்டரிலிருந்து 6.4 லிட்டர் வரை. காருக்குச் செய்ததை லாரிக்கு ஒட்டவைத்த எஞ்சின் அல்ல. தொடக்கத்திலேயே சுமைக்கென்று கனமாக வார்த்தது. டீசல் எஞ்சினும் கேட்டால் கிடைத்தது. ஆனால் காலன் பெட்ரோல் ஏறத்தாழ 30 சென்ட் விற்ற காலத்தில் யார் கேட்பார்கள்? சுமையோடு போகும்போது ஒரு லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். யாரும் அதைக் கணக்குப் பார்க்கவில்லை.

ஓட்டுவது வேறு கதை. 5 கியர் பெட்டி. பின் அச்சில் இரண்டு வேகம். கியர்த் தடியின் குமிழுக்கு அருகே ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்தினால் அச்சு தாழ்ந்த வேகத்துக்குப் போகும், இழுத்தால் உயர்ந்த வேகம். ஆக மொத்தம் 10 கியர். பொத்தானைத் தட்டிவிட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, அச்சு மாறும் அந்த நொடிக்காகக் காத்திருந்து மறுபடி அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் அச்சு மாறாது. வண்டி மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். பவர் ஸ்டியரிங் எல்லா வண்டியிலும் கிடையாது. ஏர் கண்டிஷன் பேச்சுக்கே இடமில்லை. கண்ணாடியை இறக்கினால் கோதுமை உமி உள்ளே வரும், ஏற்றினால் எஞ்சின் சூடு வெளியே போகாது. இப்படிப்பட்ட வண்டியைத்தான் பதின்ம வயதுப் பையன்களிடமும் பெண்களிடமும் கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். கான்சாஸ் மாநிலத்தில் 14 வயதில் பண்ணை வேலைக்கான ஓட்டுநர் அனுமதி கிடைக்கும். அறுவடை இயந்திரத்தில் அப்பா, லாரியில் அம்மாவோ மகளோ என்பதுதான் பல வீடுகளின் ஏற்பாடு.

அந்த லாரியின் பயணம் பெரிய தூரம் அல்ல. வயலிலிருந்து சில மைல் தள்ளி, ரயில் பாதையோரம் வெள்ளைக் கோபுரமாக நிற்கும் தானியக் கிடங்கு வரைக்கும். அங்கே எடைமேடையில் ஏற்றுவார்கள். குழாய் ஒன்றைச் சுமைக்குள் செருகி மாதிரி எடுத்து ஈரப்பதம் பார்ப்பார்கள். பிறகு கிடங்குக்குள் ஓட்டிப்போய், பெட்டியை முன்புறம் தூக்கிப் பின்கதவைத் திறந்தால், தரையிலிருக்கும் இரும்புச் சல்லடை வழியாகத் தானியம் குழிக்குள் கொட்டும். வாளிகள் கோத்த பட்டை அதை அள்ளிக் கோபுரத்தின் உச்சிக்குக் கொண்டுபோகும். காலி வண்டியை மறுபடி எடை பார்த்து, கழித்து, சீட்டு எழுதித் தருவார்கள். சுமை கூடிய நாட்களில் கிடங்கு வாசலில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். ஊர்ச் செய்தி முழுவதும் அந்த வரிசையில்தான் கைமாறும். யார் வயல் எவ்வளவு விளைந்தது என்பது கிடங்குக்காரர் சொல்லாமலே தெரிந்துவிடும்.

தனி அச்சு லோட்ஸ்டாரின் பெட்டியில் ஏறத்தாழ 300 புஷல் கொள்ளும். ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு, அதாவது 27 கிலோ சொச்சம். ஆக ஒரு நடைக்கு 8 டன். 1960-களின் அறுவடை இயந்திரத்துத் தொட்டியில் நூறு புஷலுக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். இயந்திரம் மூன்று, நான்கு முறை வந்து கொட்டினால் லாரி நிறையும். லாரி போய் வருவதற்குள் இயந்திரம் அடுத்த தொட்டியை நிரப்பியிருக்கும். ஒன்றின் வேகத்துக்கு மற்றது அளவெடுத்துச் செய்தது போல் அமைந்த ஜோடி. இரண்டையும் ஒரே கம்பெனி செய்து ஒரே கடையில் விற்றதால் இந்தப் பொருத்தம் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இன்றைக்கு இதே கணக்கைப் போட்டால் லாரி தலை குனிய வேண்டியிருக்கும். சிவப்பு வண்ணத்தில் வரும் கேஸ் ஐஹெச் 9250 அறுவடை இயந்திரத்தின் தொட்டி மட்டும் 410 புஷல் கொள்ளும். ஜான் டியரின் எக்ஸ்9 1100 இயந்திரத்துக்கு 460. ஒரே ஒரு தொட்டியைக் கொட்டினாலே லோட்ஸ்டார் நிரம்பி வழிந்துவிடும். அதனால் வயலுக்குள் பெரிய டிராக்டர் இழுக்கும் தானிய வண்டி ஓடிக்கொண்டே இயந்திரத்தின் பக்கத்தில் போய் வாங்கிக்கொள்கிறது. அது சாலையோரம் நிற்கும் நீண்ட டிரெய்லரில் கொட்டுகிறது. டிரெய்லர் ஒரு நடைக்கு 900 புஷலுக்கு மேல் எடுத்துப்போகும். மூன்று லோட்ஸ்டார், மூன்று ஓட்டுநர் செய்த வேலைக்கு இப்போது ஒருவர் போதும். பல இடங்களில் அந்த ஒருவர் வெளியாள்.

இதற்குப் பின்னால் நிலக் கணக்கு இருக்கிறது. 1964-ல் எடுத்த வேளாண் கணக்கெடுப்பில் அமெரிக்காவில் சுமார் 31.6 லட்சம் பண்ணைகள் இருந்தன; சராசரிப் பண்ணை 352 ஏக்கர். 2022 கணக்கெடுப்பில் 19 லட்சம் பண்ணைகள், சராசரி 463 ஏக்கர். சராசரி என்பது பொய் சொல்லும் எண். நடுவில் இருந்த குடும்பப் பண்ணைகள் மெலிந்து, ஒரு பக்கம் பொழுதுபோக்குக்கு வைத்திருக்கும் சிறு நிலங்களும் மறுபக்கம் ஆயிரக்கணக்கான ஏக்கரை ஆளும் பெரும் பண்ணைகளுமாகப் பிரிந்துபோனது அதில் தெரியாது. லோட்ஸ்டார் அந்த நடுப்பண்ணைக்காகப் பிறந்த வண்டி. நடு தேய்ந்தபோது வண்டிக்கும் ஆள் குறைந்தது.

வண்டி தேய்வதற்கு முன் கம்பெனி உடைந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் பெட்ரோல் வி-8 எஞ்சினின் தாகம் திடீரென்று எல்லோர் கண்ணிலும் பட்டது. 1975-ல் கம்பெனி பிக்கப் வண்டிகளைக் கைவிட்டது. 1978-ல் லோட்ஸ்டாருக்கும், அதைவிடக் கனமான ஃப்ளீட்ஸ்டாருக்கும் பதிலாக எஸ் வரிசை லாரியை இறக்கினார்கள். பள்ளிப் பேருந்துக்கான லோட்ஸ்டார் சேஸிஸ் மட்டும் இன்னும் சிறிது காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. புதிய வரிசையின் பெயர் டிடி466 என்ற டீசல் எஞ்சினோடு சேர்ந்தே வளர்ந்தது. 7.6 லிட்டர், ஆறு சிலிண்டர், லைனரைக் கழற்றி மாற்றிப் புதுப்பிக்கத் தக்கது. டிராக்டருக்காகப் பிறந்த எஞ்சின் அது. வயல் இன்னொரு முறை லாரிக்குக் கடன் கொடுத்தது. அதுதான் கடைசிக் கடனும்.

1977-ல் ஜெராக்ஸ் கம்பெனியிலிருந்து ஆர்ச்சி மெக்கார்டெல் என்பவரைத் தலைமைக்கு அழைத்து வந்தார்கள். செலவைக் குறைக்கிறேன் என்று அவர் தொழிற்சங்கத்தோடு மோதினார். 1979 நவம்பர் 1-ல் தொடங்கிய வேலைநிறுத்தம் 172 நாள் நீடித்தது. அது முடிந்தபோது வட்டி விகிதம் வானத்தில், விவசாயி கடனில். டிராக்டர் வாங்க ஆளில்லை. 1980-ல் ஸ்கவுட் ஜீப்பின் உற்பத்தி நின்றது. மெக்கார்டெல் 1982-ல் வெளியேறினார். இன்டியானாவின் ஃபோர்ட் வெய்ன் நகரிலிருந்த லாரித் தொழிற்சாலை 1983-ல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு வேளாண் கருவிப் பிரிவை, அதாவது கம்பெனி பிறந்த மூலத்தையே, கேஸ் நிறுவனத்தை வைத்திருந்த டென்னகோவுக்கு விற்கப் பேசி, 1985-ல் கைமாற்றினார்கள். ஹார்வெஸ்டர் என்ற பெயரும் ஐஹெச் சின்னமும் அதோடு போயின. ரேமண்ட் லோவி வரைந்த அந்தச் சின்னத்தை உற்றுப் பார்த்தால், கறுப்பு ஹெச் டிராக்டராகவும் அதன் நடுவில் சிவப்பு ஐ ஓட்டுநராகவும் தெரியும். டிராக்டர் போன வீட்டில் அந்தப் படம் எதற்கு? எஞ்சியிருந்த லாரிக் கம்பெனி 1986-ல் நேவிஸ்டார் என்று பெயர் வைத்துக்கொண்டது. லாரியின் நெற்றியில் மட்டும் இன்டர்நேஷனல் என்ற பெயர் தொடர்ந்தது.

இங்கே நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. 1963-ல் மஹிந்திராவும் வோல்டாஸும் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் சேர்ந்து இந்தியாவில் ஒரு டிராக்டர் கம்பெனி தொடங்கின. பி-275 டிராக்டர் அதிலிருந்து வந்தது. இன்டர்நேஷனல் என்ற பெயர் இந்திய வயல்களில் டிராக்டராகவே அறிமுகமானது. லாரியோடு அவர்கள் மறுபடி வந்தது 2005-ல், நேவிஸ்டாராக, அதே மஹிந்திராவோடு கைகோத்து. அந்தக் கூட்டு 2013 வாக்கில் முடிந்தது. மஹிந்திரா டிராக்டர் விற்பனையில் உலகத்திலேயே முன்னணியில் இருக்கிறது. சொல்லிக்கொடுத்த ஆசிரியர் தொழிலை விட்டுப் போனபிறகு மாணவர் கடை நடத்துவது போல என்று நினைத்துக்கொள்ளலாம்.

பள்ளிப் பேருந்துக்கு வருவோம். லோட்ஸ்டாரின் இன்னொரு பெரிய வாழ்க்கை அது. கேபின் இல்லாமல் பானட்டும் எஞ்சினும் சட்டமும் மட்டும் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து போகும். ஜார்ஜியாவின் ப்ளூ பேர்டு, இன்டியானாவின் வெய்ன், வட கரோலினாவின் தாமஸ் போன்ற நிறுவனங்கள் அதன்மேல் மஞ்சள் உடலைக் கட்டும். 1970-களில் பள்ளிக்குப் போன அமெரிக்கர்களிடம் கேட்டால் வண்டியின் பெயர் தெரியாவிட்டாலும் கியர் மாற்றும்போது எழும் அந்த முனகல் நினைவிருக்கும். இந்த ஏக்கத்தை நான் முழுசாக நம்புவதில்லை. அந்தப் பேருந்துகளில் இருக்கைகள் தாழ்வானவை. முன் இருக்கையின் மேல்விளிம்பில் ஓடிய இரும்புக் குழாய் சரியாகக் குழந்தையின் முகத்துக்கு நேரே இருக்கும். 1977 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகள்தான் இருக்கை முதுகை உயர்த்தி, பஞ்சு வைத்து மூடி, கூரை கவிழ்ந்தால் நசுங்காதபடியும் தகடுகளின் இணைப்பு பிய்யாதபடியும் உடலைக் கட்டச் சொல்லின. இன்றைய பள்ளிப் பேருந்து அழகில் அன்றையதைவிட ஒரு படி குறைவாக இருக்கலாம். குழந்தைக்கு அதுதான் நல்லது.

பிரேக்கும் அப்படித்தான். பழைய லோட்ஸ்டார்களில் ஒரே ஹைட்ராலிக் சுற்றுதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதைவிடப் பயங்கரம், பல துண்டுகளாகப் பிரியும் ரிம். நம் ஊர் டயர்க் கடைக்காரர்களுக்கு லாக் ரிங் என்றால் உடனே புரியும். வளையம் சரியாக உட்காராமல் காற்றடித்தால் அது பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். அதில் ஒரு வகை ரிம்முக்கு அமெரிக்க மெக்கானிக்குகள் விதவையாக்கி என்றே பெயர் வைத்தார்கள். 1980-ல் தொழிலாளர் பாதுகாப்புத் துறை விதி போட்டு, இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் இவற்றுக்குக் காற்றடிக்க வேண்டும் என்றது. இன்று பழைய தானிய லாரிக்கு டயர் மாற்றப் போனால் பல கடைகளில் ரிம்மைப் பார்த்ததுமே கையை விரித்துவிடுவார்கள். லோட்ஸ்டாரை வைத்திருப்பவரின் முதல் செலவு பெரும்பாலும் எஞ்சினுக்கு அல்ல, ஒற்றைத் துண்டு ரிம்முக்குத்தான்.

கிராமத்துத் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்களிடமும் லோட்ஸ்டார் நிறைய இருந்தது. ஆண்டுக்குச் சில தீ, சில அணிவகுப்பு, மீதி நாள் ஷெட்டில். தானிய லாரியின் அதே ஜாதகம். அதனால்தான் அவையும் நீண்ட நாள் தாக்குப்பிடித்தன. வீரர்கள் பின்படியில் தொற்றிக்கொண்டு போன காலம் அது. 1991-ல் வந்த தரவிதிகள், வண்டியில் போகும் எல்லோருக்கும் மூடிய கேபினில் பெல்ட்டோடு இருக்கை வேண்டும் என்றன. 25 ஆண்டு தாண்டியதை ஓய்வுக்கு அனுப்புங்கள் என்று பிற்காலப் பரிந்துரைகள் சொல்லின. புதிய தீயணைப்பு வண்டியின் விலை இப்போது பத்து லட்சம் டாலரைத் தொடுகிறது. கேக் விற்றும் குலுக்கல் சீட்டு நடத்தியும் நிதி திரட்டும் சின்ன ஊர் எங்கே போகும்? விதி சொல்வது சரி, ஊர் படும் பாடும் நிஜம். இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஒரு ஷெட்டில் இன்னும் ஒரு லோட்ஸ்டார் தண்ணீர் டேங்கோடு நிற்கிறது.

இன்றைய வாரிசைப் பார்த்தால் குடும்பச் சாயல் கொஞ்சம்கூடத் தெரியாது. ஸ்பிரிங்ஃபீல்டில் தொழிற்சாலை இருக்கிறது, லாரியும் வெளிவருகிறது. அதே ஆலையில் ஜெனரல் மோட்டார்ஸின் செவ்ரலே நடுத்தர லாரிகளும் 2018-லிருந்து தயாராயின; அறுபது ஆண்டுக்கு முன் கேட்டிருந்தால் அடிதடியே நடந்திருக்கும். ஊரின் மக்கள்தொகை 1960-ல் 82,723, 2020-ல் 58,662. அண்மையில் ஹெய்தியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு வந்து குடியேற, 2024 தேர்தலில் அரசியல்வாதிகள் கிளப்பிய பொய்களால் உலகம் முழுக்க அந்த ஊரின் பெயர் அடிபட்டது. வந்தவர்கள் செய்தது என்னவோ ஆலைகளிலும் கிடங்குகளிலும் ஆள் கிடைக்காமல் கிடந்த வேலைகளைத்தான்.

கம்பெனியையே 2021-ல் ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் குழுமத்தைச் சேர்ந்த டிராட்டன் முழுவதுமாக வாங்கிவிட்டது. 2024-ல் நேவிஸ்டார் என்ற பெயரைக் கழற்றிவிட்டு இன்டர்நேஷனல் மோட்டார்ஸ் ஆனார்கள். லோட்ஸ்டாரின் இடத்தில் இப்போது இருப்பது எம்வி வரிசை. அதற்குள் இருக்கும் எஞ்சின் இன்டர்நேஷனல் செய்தது அல்ல. இன்டியானாவின் கம்மின்ஸிடம் வாங்குவது. தானே எஞ்சின் வார்த்த கம்பெனிக்கு இந்த நிலை வந்தது ஒரு சூதாட்டத்தால். 2010-ன் புகை விதிக்கு மற்ற கம்பெனிகள் எல்லாம் யூரியா கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கும் வழிக்குப் போனபோது, நேவிஸ்டார் மட்டும் புகையையே மறுசுழற்சி செய்து சமாளிப்பேன் என்று அடம்பிடித்தது. முடியவில்லை. எஞ்சின்கள் பழுதாகின, வழக்குகள் வந்தன, 2012-ல் தலைமை அதிகாரி விலகினார், கம்பெனி கம்மின்ஸின் கதவைத் தட்டியது. டிடி466-ன் வம்சமும் அடுத்த சில ஆண்டுகளில் முடிந்தது.

எம்வியில் கிளட்ச் மிதிக்க வேண்டியதில்லை. அலிசன் ஆட்டோமேட்டிக் கியர்ப் பெட்டி இருக்கிறது. ஏர் கண்டிஷன், காற்று இருக்கை எல்லாம் உண்டு. வேலைக்கு ஆள் கிடைக்காத நாட்டில், கிளட்ச் தெரிந்தவன் வேண்டும் என்று நிபந்தனை போட்டால் லாரி கொட்டகையிலேயே நிற்கும். ஆனால் நடுவயலில் வண்டி நின்றால் பானட்டைத் தூக்கிப் பார்த்து ஆவதொன்றுமில்லை. யூரியா தீர்ந்தாலும் அதன் உணரி கெட்டாலும் கணினி வண்டியின் வேகத்தைத் தானே குறைத்துவிடும். மடிக்கணினியோடு ஆள் வர வேண்டும். லோட்ஸ்டாரின் கோளாறுகள் அனேகமாக மூன்றே இடத்தில்தான் இருக்கும்: கார்புரேட்டர், தீப்பொறி, எரிபொருள் குழாய். ஸ்குரூ டிரைவரும் பழைய துணியும் போதும். இதைச் சொல்லிவிட்டு அன்றே நன்று என்று முடித்துக்கொள்வது எளிது. அந்தப் பெட்ரோலில் ஈயம் இருந்தது என்பதையும் அந்தப் புகையைப் பேருந்துக்குப் பின்னால் நின்ற குழந்தைகள் மூக்கில் ஏற்றிக்கொண்டார்கள் என்பதையும் மறந்தால்தான் அப்படி முடிக்க முடியும்.

பழைய வண்டியைக் காப்பாற்ற நினைப்பவருக்கு ஓர் உதவி இருக்கிறது. இன்டர்நேஷனல் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சீட்டு அடித்தது. எந்த எஞ்சின், எந்த அச்சு, எந்தப் பல் விகிதம், எந்தப் பிரேக் என்று குறியீட்டு எண்களில் வரிசையாக இருக்கும். ஒரே மாடலுக்கு எண்ணற்ற கலவைகளை வாங்குபவர் கேட்டபடி செய்து கொடுத்ததால், இந்தச் சீட்டு இல்லாமல் உதிரிபாகம் தேடுவது வீண் அலைச்சல். கம்பெனியின் பழைய ஆவணங்கள் பெருமளவு விஸ்கான்சின் மாநில வரலாற்றுச் சங்கத்தில் பத்திரமாக இருக்கின்றன. டிராக்டர் ரசிகர்கள்தான் அங்கே அதிகம் போகிறார்கள் என்றாலும் லாரிக்காரர்களுக்கும் அதில் பங்குண்டு.

ஃபோக்ஸ்வேகன் குழுமம் பழைய இன்டர்நேஷனல் பெயர்களில் ஒன்றுக்கு மறுவாழ்வு கொடுக்கிறது. ஸ்கவுட் என்ற ஜீப்பின் பெயரில் மின்சார வண்டி செய்யத் தென் கரோலினாவில் பெரிய ஆலை கட்டுகிறார்கள். கடற்கரைக்கும் மலைக்கும் விடுமுறையில் ஓட்டிப்போன வண்டிக்கு ஏங்க ஆளிருக்கிறது; அந்த ஏக்கத்துக்கு விலையும் இருக்கிறது. கோதுமை சுமந்த லாரிக்கு அந்த ஏக்கம் இல்லை. பண்ணை ஏலங்களில் லோட்ஸ்டார் வரும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பது பெட்டியையும் அதைத் தூக்கும் ஹைட்ராலிக்கையும்தான். எஞ்சின் ஓடினால் கூடுதல் லாபம்.

அப்படி வாங்கியவர்களும், விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்களும் அதற்கு வேறு வேலை கண்டுபிடித்திருக்கிறார்கள். தானியப் பெட்டிக்குள் தடுப்பு வைத்து ஒரு பக்கம் விதை, மறுபக்கம் உரம் நிரப்பி, பின்னால் திருகுக் குழாய் ஒன்றைப் பொருத்திவிட்டால் வயல் ஓரத்தில் நின்று விதைப்புக் கருவியை நிரப்பிக்கொடுக்கும். சிலர் பெட்டியைக் கழற்றிவிட்டுச் சட்டத்தின்மேல் பெரிய பிளாஸ்டிக் தொட்டியையும் சின்ன பம்பையும் ஏற்றியிருக்கிறார்கள். மருந்தடிக்கும் இயந்திரம் எங்கே வேலை செய்கிறதோ அந்த வயலுக்குத் தண்ணீரும் களைக்கொல்லியும் கொண்டுபோக அது போதும். நெடுஞ்சாலையில் ஏறத் தேவையில்லை, எடைமேடைக்கும் போகத் தேவையில்லை. முதல் கியர், தாழ்ந்த அச்சு, வரப்போரம் மெதுவாக.